கிளியரன்ஸும் மதுவும்: ஆலோசகர் எழுதிய ஒரு வரியின் கனம்

அரசு ரகசியங்களைக் கையாள அமெரிக்க அரசு தரும் பாதுகாப்பு அனுமதியை நம்மவர்கள் ‘கிளியரன்ஸ்’ என்றே சொல்வார்கள். குடிப்பழக்கம் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காது என்று வட வர்ஜீனியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் நம்புகின்றன. ஒருமுறை போலீஸிடம் மாட்டிக்கொண்டதை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டால் எதுவும் ஆகாது என்றும் அதே குடும்பங்கள் நம்புகின்றன. பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் பல ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக இருந்தவள் நான். இந்த இரண்டு நம்பிக்கைகளும் என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஊழியர்களின் மனுக்களை அனுப்புவதும், அவர்களுக்கு நேர்ந்ததை அரசுக்குத் தெரிவிப்பதும், அரசிடமிருந்து வரும் கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பதும்தான் என் வேலையாக இருந்தது. ஆனால் கடிதத்தைப் பிரித்த கையோடு அதற்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்பது என்னிடம்தான் என்பதால், விதிகளை வரி வரியாகப் படிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது.

அனுமதி வழங்குவதா மறுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் வழிகாட்டு நெறிகள் மொத்தம் 13. ஏ முதல் எம் வரை எழுத்திட்டிருக்கிறார்கள். இப்போதுள்ள வடிவம் 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவற்றுள் ‘ஜி’ மது அருந்துதலைப் பற்றியது. அளவுக்கு மீறிய குடி தவறான முடிவுகளுக்கும் கட்டுப்பாடற்ற நடத்தைக்கும் இட்டுச் செல்வதால் ஒருவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகிறது என்பதே அதன் அடிப்படை. போதையில் வண்டி ஓட்டுதல், சண்டை, வீட்டில் வன்முறை போன்ற சம்பவங்கள் அதில் முதலில் வருகின்றன. எத்தனை முறை நடந்தது என்பதும், குடிநோய் இருப்பதாக மருத்துவர் சொன்னாரா என்பதும் அங்கே பொருட்டல்ல. அதன் பிறகு வேலையிடத்தில் போதையுடன் இருத்தல், நிதானம் தவறும் அளவுக்கு வழக்கமாகக் குடித்தல், குடிநோய் இருப்பதாகத் தகுதி பெற்ற நிபுணர் கண்டறிதல் ஆகியவை வருகின்றன. பட்டியலின் கடைசியில் இருக்கும் மூன்றை யாரும் கவனித்துப் படிப்பதில்லை: சிகிச்சையாளர் சொன்னதைச் செய்யாமலிருப்பது, நோய் கண்டறியப்பட்ட பின் அவருடைய பரிந்துரைக்கு மாறாகக் குடிப்பது, நீதிமன்றம் விதித்த பயிற்சியையோ சிகிச்சையையோ முடிக்காமல் விடுவது. என் அனுபவத்தில் அனுமதியைப் பறித்தவை பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்றுதான்.

மது சட்டப்படி விற்கப்படும் பொருள், அதை வீட்டில் குடிப்பதில் அரசுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஆல்ட்ரிச் ஏம்ஸைச் சொல்வேன். சி.ஐ.ஏ. அதிகாரியான அவர் 1985-இல் சோவியத் உளவுத்துறைக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கி, 1994 பிப்ரவரியில்தான் கைதானார். அவருடைய குடி மேலதிகாரிகளுக்குத் தெரியாத ஒன்றல்ல. தெரிந்தும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குடிப்பவர்கள் எல்லாரும் உளவாளிகள் ஆவதில்லை என்பது எவருக்கும் தெரியும். ஆனால் அனுமதி வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் சந்தேகத்தின் பலனை விண்ணப்பதாரருக்குக் கொடுக்காமல் அரசுக்கே கொடுப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட நினைவுகள் இருக்கின்றன. அனுமதி என்பது யாருடைய உரிமையும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் கடற்படைக்கும் ஈகன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் சொன்னது. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தில் ஈகன் தொழிலாளியாக இருந்தவர். பழைய குற்றத் தீர்ப்புகள், சிலவற்றை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டது ஆகியவற்றோடு, தமக்குக் குடிப்பிரச்சினை இருந்ததாக அவரே சொன்னதையும் கடற்படை காரணமாகக் காட்டியது. இன்று எழுதப்படும் தீர்ப்புகளிலும் இந்த வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள்.

விண்ணப்பப் படிவம் எஸ்.எஃப்.-86. மதுவைப் பற்றிய நேரடிக் கேள்விகள் 24-ஆம் பகுதியில் இருக்கின்றன. கடந்த ஏழாண்டுகளில் குடியால் வேலை, உறவு, பணம் ஆகியவற்றில் பாதிப்பு ஏற்பட்டதா, போலீஸ் தலையிட்டதா என்று முதல் கேள்வி கேட்கிறது. அதையடுத்து வரும் கேள்விகளில் ஏழாண்டு வரம்பு கிடையாது. வாழ்நாளில் எப்போதாவது சிகிச்சை பெறும்படி யாராவது சொன்னார்களா, நீங்களாகவே நாடினீர்களா என்று கேட்கிறார்கள். 22-ஆம் பகுதியிலும் இதே கண்ணி உண்டு. பொதுவான கைதுகளுக்கு ஏழாண்டு வரம்பு, மது அல்லது போதைப்பொருள் தொடர்பான குற்றச்சாட்டுக்கு வாழ்நாள் முழுவதும். வழக்கு தள்ளுபடியானாலும், ஆவணம் முத்திரையிடப்பட்டாலும், மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, சொல்லியே ஆகவேண்டும்.

எங்களிடம் சேர்ந்த ஓர் இளைஞர் மேரிலாந்தில் மேற்படிப்பு படித்த காலத்தில் போதையில் வண்டி ஓட்டி மாட்டியிருந்தார். அம்மாநிலத்தில் முதல் முறை பிடிபடுபவருக்குத் தீர்ப்புக்கு முந்தைய நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற சலுகையை நீதிபதி அளிக்க முடியும்; அளித்தால் அது குற்றத் தீர்ப்பாகக் கணக்கில் வராது. “தீர்ப்பே இல்லாதபோது எதைச் சொல்வது?” என்று அவர் ‘இல்லை’ என எழுதிவிட்டார். கைரேகைப் பதிவிலிருந்து அது வெளிவந்ததும், பத்தாண்டுக்கு முந்தைய ஒற்றைச் சம்பவத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மறைத்ததைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அது ‘ஈ’ நெறியின் கீழ், அதாவது நேர்மை பற்றிய நெறியின் கீழ், தனிக் குற்றச்சாட்டாக வந்தது. காலம் கடந்தால் குடியின் கறை மங்கும். பொய்யின் கறை அப்படியல்ல, ஏனென்றால் அது கையெழுத்திட்ட நாளில்தான் பிறக்கிறது. வேண்டுமென்றே பொய் சொன்னால் ஐந்தாண்டு வரை சிறை என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது என்பதை அவர் பிறகுதான் படித்தார்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இன்னொருவரைப் பற்றி. அவர் நெட்வொர்க் பொறியாளர், குடியுரிமை பெற்ற தமிழர், என்னை அக்கா என்று அழைப்பவர். ஒரு பிறந்தநாள் விருந்திலிருந்து திரும்பும் வழியில் சாலையோரம் நிறுத்தப்பட்டார். மூச்சுச் சோதனையில் 0.13 காட்டியது. சட்ட வரம்பு 0.08. வர்ஜீனியாவில் 0.15-ஐத் தொட்டிருந்தால் குறைந்தது ஐந்து நாள் கட்டாயச் சிறை. திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, “அக்கா, ஒரு விஷயம் நடந்துபோச்சு” என்றார். அனுமதி பெற்றவர் தாம் கைதானதைத் தெரிவித்தே ஆக வேண்டும். அதைக் கேட்ட நான் அரசுக்கு அனுப்பியே ஆக வேண்டும். இதை என்னிடம் சொன்னதற்காக யாரும் வருந்தத் தேவையில்லை. இப்போது அரசுத் தரவுகளைத் தொடர்ந்து தானாகவே சரிபார்க்கும் முறை வந்துவிட்டது. கைதுச் செய்தி நாம் சொல்லாவிட்டாலும் போய்ச் சேரும், நாம் சொல்லவில்லை என்பதும் உடன் சேர்ந்தே போகும்.

நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அபராதம், ஓராண்டு உரிம ரத்து, வேலைக்குச் சென்று வர மட்டும் வரையறுக்கப்பட்ட உரிமம், காரில் இன்டர்லாக் கருவி. அந்தக் கருவி கைக்கு அடக்கமானது. அதில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் திடீரென்று ஒலித்து மீண்டும் ஊதச் சொல்லும். காரை எடுக்கும் போதெல்லாம் மற்றவர்கள் பார்வையில் படாமல் நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில் நின்று ஊதுவார். வாய் கொப்பளிக்கும் திரவம்கூட அதில் பதிவாகும் என்பதால் காலையில் அதைத் தொடுவதையே விட்டுவிட்டார். இவ்வளவு கவனமாக இருந்தவர், போதையில் வண்டி ஓட்டியவர்களுக்காக மாநிலம் நடத்தும் திட்டம் அனுப்பிய சிகிச்சை மையத்தில் எல்லா வகுப்புகளையும் முடித்து, கடைசி நாளில் கொடுத்த அறிக்கையை நீதிமன்ற ரசீதுகளோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டார். படிக்கவில்லை.

மையத்தின் ஆலோசகர் எழுதிய அந்த அறிக்கையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, மிதமான மதுப் பயன்பாட்டுக் கோளாறு. 2013 முதல் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேட்டில் இதற்குப் பதினோரு அறிகுறிகள் இருக்கின்றன. ஓராண்டுக்குள் இரண்டு இருந்தாலே கோளாறு, நான்கு அல்லது ஐந்து இருந்தால் மிதமானது. மற்றது, பரிந்துரை: மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும். ஒரே வரிதான். ஆனால் ஜி நெறியின் கணக்கில், அந்த வரி எழுதப்பட்ட நாளுக்கு முன் குடித்த அத்தனையையும்விட அதற்குப் பின் குடித்த ஒரு கிளாஸ் அதிக எடை கொண்டது.

அவர் குடியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். திருமண நாளிலும் புத்தாண்டிலும் மட்டும் ஒயின் என்ற நிலைக்கு வந்திருந்தார். அது தம் சாதனை என்று நினைத்ததில் தவறும் இல்லை. அனுமதிக்கான விசாரணை அதிகாரி கேட்டபோது அதை அப்படியே நேர்மையாகச் சொன்னார். சில மாதங்கள் கழித்து, அனுமதியை ஏன் மறுக்க நினைக்கிறோம் என்று அரசு காரணங்களை அடுக்கும் குற்றச்சாட்டு அறிக்கை வந்தது. அதில் கைது ஒரு பத்தி, நோயறிதல் ஒரு பத்தி, பரிந்துரைக்கு மாறாகத் தொடர்ந்து குடித்தார் என்பது ஒரு பத்தி. மூன்றாவதைப் பார்த்துவிட்டு, “அந்த அம்மா டாக்டரே இல்லையே அக்கா, சோஷியல் ஒர்க்கர்தானே” என்றார். 2017 வடிவத்தில் உரிமம் பெற்ற மருத்துவ சமூகப் பணியாளரும் தகுதியுள்ள நிபுணர்களில் ஒருவராகப் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார். அந்த வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

சிகிச்சை முடிந்த அன்றே அவர் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தால் விடை மிக எளியது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, பரிந்துரைப் பகுதியை ஆலோசகரோடு உட்கார்ந்து படித்து, நோயறிதலிலோ பரிந்துரையிலோ உடன்பாடில்லை என்றால் உடனே இன்னொரு நிபுணரிடம் மதிப்பீடு பெற்றிருக்கலாம். இரண்டாம் நிபுணர் முதலாமவரின் ஆவணங்களையும் கைது அறிக்கையையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். நோயாளி வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் வைத்து எழுதிய மதிப்பீட்டுக்கு விசாரணையில் மதிப்பில்லை. கட்டுப்பாடோடு குடித்தால் போதும் என்று ஒரு நிபுணர் காரணத்தோடு எழுதியிருந்தால், அதே இரண்டு கிளாஸ் ஒயின் வேறு விதமாகப் பார்க்கப்பட்டிருக்கும். நெறியே ‘மாற்றிக்கொண்ட குடி அல்லது முழு விலக்கு’ என்று இரண்டையும் ஏற்கிறது. எது என்பதைச் சிகிச்சைப் பரிந்துரை தீர்மானிக்கிறது.

அளவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆண்களிடம் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் ‘எப்போதாவது, கொஞ்சம்’ என்பார்கள். விசாரணை அதிகாரி அதை விடையாக ஏற்பதில்லை. என்ன மது, எத்தனை, எந்த இடைவெளியில், கடைசியாகப் போதை ஏறியது எப்போது என்று கேட்பார். அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவு விஸ்கி 44 மில்லி. நம் வீட்டு விருந்துகளில் ஊற்றும் ஒரு லார்ஜ் 60 மில்லி, அதுவும் ஊற்றுபவர் கையிறுக்கமாக இருந்தால். நான்கு லார்ஜ் போட்டவர் தாம் நான்குதான் குடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். கணக்கில் அது ஐந்தைத் தாண்டிவிட்டது. ஓர் ஆண் இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து குடித்தால் அது கட்டுக்கடங்காத குடி என்பது இங்குள்ள பொதுவான வரையறை. இதை அறியாமல் மருத்துவரிடம் ஓர் எண், நீதிமன்ற மதிப்பீட்டாளரிடம் ஓர் எண், விசாரணை அதிகாரியிடம் ஓர் எண் என்று சொல்லிவைக்கிறார்கள். மூன்று தாள்களும் ஒரு நாள் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைக்கப்படும். எங்கள் பொறியாளரின் வழக்கில் அப்படித்தான் வைக்கப்பட்டன.

குற்றச்சாட்டு அறிக்கை கிடைத்த நாளிலிருந்து எழுத்தில் பதில் தர 20 நாட்கள். ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் வழக்குகளைப் பாதுகாப்புத் துறையின் தனி மேல்முறையீட்டு அலுவலகத்தின் நிர்வாக நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். நேர்முக விசாரணை வேண்டுமா, ஆவணங்களை வைத்தே முடிவு செய்தால் போதுமா என்று கேட்பார்கள். கூச்சத்தால் நம்மவர்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். மது வழக்கில் அது பெரும்பாலும் நமக்கு எதிராகத்தான் முடியும் என்பது என் கருத்து. மனிதர் மாறியிருக்கிறாரா என்பதைத் தாளில் காட்டுவது மிகக் கடினம்.

அவர் நேர்முக விசாரணையைத் தேர்ந்தெடுத்தார். நண்பர்கள் அன்போடு நற்சான்றுக் கடிதங்கள் எழுதித் தந்தார்கள். கடின உழைப்பாளி, பண்பாளர், தமிழ்ச் சங்கத்துக்கு ஓடியாடி உழைப்பவர் என்றெல்லாம் இருந்தது. பெரும்பாலானோருக்குக் கைதைப் பற்றியே தெரியாது. குற்றச்சாட்டை அறியாதவர் தரும் சான்றுக்கு எடையில்லை என்பதால் அவற்றில் பாதியை வழக்கறிஞர் ஒதுக்கிவிட்டார். எல்லாம் தெரிந்திருந்தவர் மனைவி ஒருவர்தான். குடும்ப விஷயத்தை முன்பின் தெரியாத நீதிபதி முன் பேசுவதா என்று மாமியார் தொலைபேசியில் தடுத்தும், அவர் வந்து பேசினார். வீட்டு அலமாரியில் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, விருந்துக்கு வருபவர்கள் பாட்டிலோடு வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதைச் சாதாரணமாகச் சொன்னார். தீர்ப்பில் அவருடைய சாட்சியத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது.

இன்டர்லாக் பதிவுகளையும் தாக்கல் செய்தார்கள். மாதக்கணக்கில் ஒரு மீறலும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டவில்லை என்பதை அது காட்டுகிறது, குடிக்கவில்லை என்பதைக் காட்டவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது, சரியான பேச்சுதான். குடிக்கவில்லை என்பதைக் காட்டப் பெத் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முந்தைய இரண்டு முதல் நான்கு வாரங்களில் குடித்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அவர் குற்றச்சாட்டு அறிக்கை வந்த பிறகு முழுவதுமாக நிறுத்தி, அந்தப் பரிசோதனையையும் செய்யத் தொடங்கியிருந்தார். ஆனால் அப்போது கையில் இருந்தவை மிகக் குறைவு.

தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அவர் சொன்னதை நம்புவதாகவும், ஆனால் முழு விலக்கு இன்னும் நிலைபெறவில்லை என்றும் நீதிபதி எழுதியிருந்தார். எத்தனை மாதம் குடிக்காமல் இருந்தால் போதும் என்று விதியில் எங்கும் இல்லை; அதனால் ‘ஓராண்டு ஆனால் சரியாகிவிடும்’ என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். மேல்முறையீடு செய்ய 15 நாட்கள் உண்டு. புதிய பரிசோதனை முடிவுகளை அங்கே கொடுக்கலாம் என்று அவர் நினைத்தார். மேல்முறையீட்டு வாரியம் புதிய சான்று எதையும் ஏற்பதில்லை. கீழ் நீதிபதி முன்னிலையில் வைக்காதது வைக்காததுதான்.

இதே காலத்தில் எங்கள் நிறுவனத்தின் இன்னொரு பிரிவில் இருந்த ஒரு பெண்மணி, எந்தச் சம்பவமும் நடப்பதற்கு முன்பே, தாமாகச் சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். குடிக்கான சிகிச்சையும் தெரிவிக்க வேண்டிய தகவல்தான் என்பதால் அதை என்னிடம் சொல்ல அவர் பட்ட தயக்கம் கொஞ்சமல்ல. கிளியரன்ஸ் போய்விடும் என்ற பயத்தில் அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் சிகிச்சைக்கே போவதில்லை. அவர் வழக்கில் எழுத்து வினாக்கள் சில வந்தன. சிகிச்சை முடித்த அறிக்கை, தொடர்சிகிச்சை வருகைப் பதிவு, ஆலோசகரின் கடிதம் ஆகியவற்றை அனுப்பினார். குற்றச்சாட்டு அறிக்கை வரவேயில்லை, அனுமதி தொடர்ந்தது. தாமாக உதவி நாடியதையும் முன்னேற்றத்தையும் நெறியே சாதகமாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

பொறியாளர் அனுமதி தேவைப்படாத ஒரு வணிக நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். மறுப்புக்குப் பின் ஓராண்டு கழித்துத்தான் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதையும் தனியாளாகச் செய்ய முடியாது, அனுமதி தேவைப்படும் வேலையைத் தரும் நிறுவனம் ஒன்று முன்மொழிய வேண்டும். அந்த இடைவெளியில் அவர் மாதந்தோறும் பெத் பரிசோதனை செய்துகொண்டார், பழைய ஆலோசகரிடமே திரும்பிச் சென்று தொடர் அமர்வுகளில் கலந்துகொண்டார், புதிய மதிப்பீடு ஒன்றைப் பெற்றார். எங்கள் நிறுவனம் மீண்டும் அழைத்தபோது அவர் கொண்டுவந்த கோப்பில் தாள்கள் தேதி வாரியாக இருந்தன. முதல் தாள், அன்று படிக்காமல் வைத்த அதே சிகிச்சை அறிக்கை, பரிந்துரை வரியின் கீழ் கோடு போட்டு. 24-ஆம் பகுதியில் கைது, சிகிச்சை, இரண்டு கிளாஸ் ஒயின், கடைசியாகக் குடித்த நாள் எல்லாவற்றையும் அவரே எழுதினார். முடிவு வர நெடுநாள் ஆயிற்று. அனுமதி கிடைத்தது.